வீடியோவிலிருந்து ஒரு முகம்

தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமல் மறைந்துபோன பாட்டிமார் நம் தோட்டங்களில் பலர். பேத்தியின் கல்யாண வீடியோவில்தான் அவர்கள் முகம் இருக்கும். அதைப் படமாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட விரும்புகிறீர்களா? இவற்றைக் கவனியுங்கள்.

கணினித் திரையைக் கைப்பேசியால் படம் பிடிக்காதீர்கள். எடிட்டிங் மென்பொருள் தடங்கலின்றி ஓடுவதற்காகத் திரையில் பாதித் தெளிவையே காட்டுவதும் உண்டு. காட்சியை நிறுத்தி, அந்த மென்பொருளிலேயே உள்ள வசதியால் ஃபிரேமை வெளியே எடுங்கள். அளவு, மூல வீடியோவின் அளவாகவே இருக்கட்டும். 'பிஎன்ஜி' வகையில் சேமியுங்கள். 'ஜேபெக்' கோப்பைச் சிறிதாக்க நுணுக்கங்களைக் கழித்துவிடும்.

பாட்டி அசையாமல் இருக்கும் கணத்தைத் தேர்ந்தெடுங்கள். பழைய நாடாவிலிருந்து மாற்றிய வீடியோவில் முக ஓரம் சீப்புப் பல்போல் தெரிந்தால், 'டீஇண்டர்லேஸ்' செய்த பிறகு எடுங்கள்.

முழு எச்டி காட்சியில் 1920-க்கு 1080 புள்ளிகளே உள்ளன. அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டால் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம். முகத்தை மட்டும் வெட்டினால் இன்னும் குறையும். பெரிதாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இல்லாததைத் தாமாகவே இட்டு நிரப்பும், முகச்சாயலே மாறிவிடலாம்.

போட்டோ கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். படம் சிறியதானாலும் பரவாயில்லை. அது பாட்டியின் முகமாக இருக்கட்டும்.