நிலாவுக்கு எத்தனை நாள் கூலி?

இந்தக் கணக்கில் அலகு ரூபாய் அல்ல, கூலிநாள். 2024–25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட தினக்கூலி 319 ரூபாய். வெட்டிய மண்ணின் அளவு குறைந்தால் கைக்கு வருவதும் குறையும் என்பது அந்த வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆனாலும் 319 என்றே வைத்துக்கொள்வோம். நூறு நாளும் முழுதாக வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 31,900 ரூபாய்.

நிலாவைப் படம் எடுக்கும் பொழுதுபோக்கை இந்தப் படியால் அளக்கக் காரணம் இருக்கிறது. கேமராக்காரர்கள் கூடும் இடத்தில் பெரிய லென்ஸைப் பற்றிய ஏக்கம் ஓயாமல் கேட்கும். அதற்கு எல்லாரும் தலையாட்டுவார்கள். அதே ஆட்களிடம், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகன் கேமரா வேண்டும் என்கிறான் என்று சொல்லிப் பாருங்கள். 'அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?' என்பார்கள். முதல் ஆளின் குறைக்கு ஆசை என்று பெயர், இரண்டாம் ஆளின் குறைக்குக் கொழுப்பு என்று பெயர். இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம்.

முதலில் நிலாவின் பக்கம். சராசரித் தூரம் 3,84,400 கி.மீ., குறுக்களவு 3,474 கி.மீ. வானத்தில் அது பிடிக்கும் இடம் ஏறக்குறைய அரைப் பாகை. லென்ஸின் குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலாவின் அளவு வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் அரை மி.மீ.கூடத் தேறாது, 200இல் 1.8 மி.மீ.; 1,000இல் 9 மி.மீ. கண்ணுக்குத் தாம்பாளம் மாதிரித் தெரிந்த நிலா படத்தில் புள்ளியாகிப் போவது இதனால்தான்.

வெளிச்சக் கணக்கு இதைவிட எளிது, ஏழைக்கும் சாதகமானது. நிலா தன்மேல் விழும் ஒளியில் 12 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார் ரோடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் அனுப்பும். ஆனால் நிலா முழு வெயிலில் கிடக்கும் ரோடு. அதனால் பௌர்ணமி நிலாவுக்கு எஃப் 11 துளையும் ஐஎஸ்ஓ 100ம் வைத்தால், நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் நிலாவைத் தகட்டில் பதிக்க 20 நிமிடம் பிடித்தது. இன்று கண்ணிமைக்கும் முன் முடிந்துவிடுகிறது. அண்டங்களைப் படம் எடுப்பவர்களுக்கு வேண்டிய, வானோடு சேர்ந்து சுழலும் தாங்கி இதற்கு வேண்டாம். ஊர் வெளிச்சத்தை விட்டு ஓட வேண்டியதும் இல்லை. வியாசர்பாடித் தெருவிளக்கின் கீழ் எடுத்தாலும் ஊட்டி மலைமேல் எடுத்தாலும் நிலாவின் ஒளி ஒன்றே. வானியல் படங்களில் போக்குவரத்துச் செலவு பூச்சியம் என்று எழுதக்கூடிய இனங்களில் இதுவும் ஒன்று.

இனிக் கருவிகள். கருவி எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் என்பதை முடிவு செய்வது, ஒளி நுழையும் வாயின் குறுக்களவு. 116ஐ அந்த மி.மீ. எண்ணால் வகுத்தால், கோணத்தின் சிற்றலகான விகலையில் விடை வரும். நிலாவின்மேல் ஒரு விகலை என்பது 1.86 கி.மீ. வெறும் கண்ணுக்குச் சுமார் 60 விகலை, அதாவது 112 கி.மீ. அதைவிடச் சிறிய எதுவும் நமக்கு நிலாவில் தனியாகத் தெரியாது. 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்நிக்கஸ் பள்ளம்கூட வெறும் வெளுப்புதான்.

டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்து, சுங்கம், கப்பல் கூலியைத் தள்ளிவிட்டு எழுதினால் பேரேடு இப்படி வரும்.

செலஸ்ட்ரான் 2009இல், சர்வதேச வானியல் ஆண்டில், 50 டாலரை ஒட்டிய விலையில் கொண்டுவந்த 76 மி.மீ. மேசைத் தொலைநோக்கி: 4,250 ரூபாய், 13 கூலிநாள். பிரித்துக் காட்டுவது 2.8 கி.மீ.

8 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி, 600 டாலர் அளவில்: 51,000 ரூபாய், 160 கூலிநாள். காட்டுவது 1.06 கி.மீ.

நிக்கான் பி1000 கேமரா, 2018இல் இந்திய விலை 75,000 ரூபாய்க்கு 5 ரூபாய் குறைவு: 235 கூலிநாள். 125 மடங்கு ஜூம் என்ற விளம்பரத்துக்குப் பின்னால் இருப்பது 67 மி.மீ. வாய். காட்டுவது 3.2 கி.மீ.

கேனானின் 600 மி.மீ. எஃப் 4 லென்ஸ், 2021இல் 12,999 டாலர்: 11 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய், 3,464 கூலிநாள். ஆண்டுக்கு நூறு நாள் என்றால் 34 ஆண்டுக்கு மேல். கேமரா தனி. வாய் 150 மி.மீ., காட்டுவது 1.4 கி.மீ.

வாயின் ஒரு மி.மீ.க்கு என்ன விலை என்று வகுத்தால் வேடிக்கை தெரியும். கேனான் லென்ஸில் 7,366 ரூபாய், டாப்சோனியனில் 251, குட்டித் தொலைநோக்கியில் 56. லென்ஸ்காரரை ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள் இல்லை. பறக்கும் பருந்தைத் துரத்திப் பிடிக்கும் ஃபோகஸ், கை நடுக்கத்தை அடக்கும் ஏற்பாடு, படத்தின் மூலைவரை கூர்மை, இத்தனையையும் 3 கிலோ சொச்சத்துக்குள் அடக்கிய வேலைக்கான விலை அது. நிலாவோ பறப்பதில்லை. நிலாவுக்காக மட்டும் அதை வாங்குபவர், தனக்கு வேண்டாத வசதிகளுக்குத்தான் பெரும் பணம் கொடுக்கிறார்.

பேரேட்டில் நான் அடிக்கோடிட விரும்புவது வேறு இரண்டு வரிகளை. 112 கி.மீ.யிலிருந்து 2.8 கி.மீ.க்கு இறங்க 13 கூலிநாள் போதும். 40 மடங்கு லாபம். அங்கிருந்து 1.06க்கு வர இன்னும் 147 கூலிநாள் வேண்டும். கிடைப்பது இரண்டரை மடங்கு சொச்சம். அதற்கும் காற்று குறுக்கே நிற்கிறது. சாதாரண இரவில் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அலைச்சல் 2 விகலை அளவுக்குப் படத்தைக் கலைத்துவிடும். நிலாவில் அது 3.7 கி.மீ. ஒற்றைப் படம் எடுத்தால் 11 லட்சத்தின் படமும் 51 ஆயிரத்தின் படமும் அந்த 3.7இல் வந்து சமமாகிவிடும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மொட்டை மாடி முன்னிரவில் அந்த வெப்பத்தைக் கக்கும்போது நிலைமை இன்னும் மோசம். மண் தரையும் புல்லும் இந்த விஷயத்தில் தேவலை.

காற்றைத் தாண்ட ஒரு வழி உண்டு. ஓரிரு நிமிட வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான சட்டகங்களில் காற்று அசையாத நொடியில் விழுந்த பத்து விழுக்காட்டை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. இதைச் செய்யும் ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் இரண்டும் இலவசம். ஓடுவதற்கு விண்டோஸ் உள்ள கணினி ஒன்று வேண்டும். 2011 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி இதற்குப் போதும். மெதுவாகத்தான் ஓடும், நிலாவுக்கு அவசரம் கிடையாது.

எதிர்த்திசையில் ஒரு பதிவையும் எழுதிவிடுகிறேன். 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய 170க்கு 170 புள்ளி நிலாப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, சாம்சங்கின் உயர்விலைப் போனால் படம் எடுத்துக் காட்டினார். திரையில் இல்லாத பள்ளங்கள் போனில் பளிச்சென்று வந்தன. பொருள் நிலா என்று கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவு அதன் விவரத்தைக் கூட்டிக் காட்டும் என்று நிறுவனமும் விளக்கியது. அந்த ஆண்டு எஸ்23 அல்ட்ராவின் இந்திய விலை 1,24,999 ரூபாய், 392 கூலிநாள்.

இப்போது தாளின் மறுபக்கம். ஒருவரை ஏழை என்று சொல்ல வயிற்றை மட்டும் பார்ப்பதா, சுற்றியிருப்பவர்கள் வாழும் விதத்தையும் பார்ப்பதா? நாம் வயிற்றுப் பக்கம். 2011இல் திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்தில் வைத்த கோடு நகரத்தில் நாளைக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26. நாடே சிரித்தது, கோபப்பட்டது. ஆனால் கோடு தாழ்ந்துவிட்டது என்றுதான் சண்டை. கோட்டின் இனத்தைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பிரிட்டன் மற்றப் பக்கம். அங்கே நடுமட்ட வருமானத்தின் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஒப்பீட்டு வறுமை. வீட்டுச் செலவு போகக் கணக்கிட்டால் 2022–23இல் அப்படி 1 கோடியே 43 லட்சம் பேர், மக்கள்தொகையில் 21 விழுக்காடு. பீட்டர் டவுன்சென்ட் 1979இல் எழுதிய பெரிய புத்தகம் இந்தப் பார்வைக்கு அடித்தளம் போட்டது: ஊர் வழக்கமாக வாழும் வாழ்க்கையில் கலந்துகொள்ள வழியில்லாதவர் ஏழை.

'ஊர் வழக்கம் எது என்று யார் சொல்வது?' என்ற கேள்வி உடனே வந்தது. 1983இல் ஒரு கருத்துக்கணிப்பு அதை ஊரிடமே கேட்டது. 35 பொருள்களைக் கொடுத்து, எவை எல்லாருக்கும் அவசியம் என்று கேட்டார்கள். 26ஐப் பாதிக்கு மேற்பட்டோர் அவசியம் என்றார்கள். வீட்டைச் சூடாக்கும் வசதிக்கு 97 விழுக்காடு, குளிர்கோட்டுக்கு 87. பொழுதுபோக்கு ஒன்று வேண்டும் என்றவர்கள் 64. தொலைக்காட்சிக்கு 51, தொலைபேசிக்கு 43தான்! தொலைபேசியைவிடப் பொழுதுபோக்கு அவசியம் என்று சொன்ன ஊர் அது. அவசியம் என்றானவற்றில் மூன்றோ அதற்கு மேலோ வாங்க வழியில்லாதவர்கள் 75 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது.

அந்த 64ஐ வைத்துக்கொண்டு கேமராக்காரரின் ஏக்கத்தைத் திரும்பப் பார்க்கிறேன். 203 மி.மீ. (8 அங்குல) டாப்சோனியன் வைத்திருப்பவர் கேனான் லென்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வறுமை ஆகாது. அந்த இடைவெளியைக் காற்றே அழித்துவிடுகிறது, ஊரிலும் யாரும் அதை அவசியம் என்று எழுதமாட்டார்கள். பூச்சியத்துக்கும் 76 மி.மீ.க்கும் நடுவே உள்ள இடைவெளி வேறு. விருப்பமான ஒன்றை மாலையில் செய்ய வழி உண்டா இல்லையா என்பது அது. ஒப்பீடு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்து, 'ஒப்பிட ஆரம்பித்தால் அம்பானி பக்கத்தில் நாமும் ஏழைதான்' என்று சிரித்து முடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் விழுங்குகிறார்கள். 2022–23 வீட்டு நுகர்வுக் கணக்கெடுப்பில் நகர இந்தியாவின் மேல்தட்டு 5 விழுக்காட்டினர் தலைக்கு மாதம் 20,824 ரூபாய் செலவழித்தார்கள், அடித்தட்டு 5 விழுக்காட்டினர் 2,001. பத்து மடங்குக்கும் மேல். அந்த 2,001இல் 13 கூலிநாளை ஒதுக்குவது நடக்காத காரியம். அதன் விலை இரண்டு மாதச் செலவைத் தாண்டிவிடும்.

நம் ஊர் இந்தக் கேள்வியை நிலாவை வைத்து விவாதிக்கவில்லை, டிவியை வைத்து விவாதித்தது. 2006 தேர்தலில் இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி வந்தபோது, கூரை ஒழுகும் வீட்டில் டிவி எதற்கு என்று கேட்டவர்களின் வீட்டில் டிவி இருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று படம் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழுந்திருக்காது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குக் கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பானது. கஜானாவுக்கு என்ன ஆகும் என்ற எதிர்ப்பு நியாயமானது, அதற்குப் பதில் வேண்டும். 'இவர்களுக்கு எதற்கு' என்பதற்கும் கஜானாவுக்கும் சம்பந்தமில்லை.

இதே பேச்சை உலகம் நம்மிடம் பேசியபோது நமக்குச் சுட்டது. மங்கள்யான் 450 கோடி ரூபாயில் செவ்வாயை எட்டிய 2014இல், மாட்டோடு வந்த விவசாயி விண்வெளிக் கனவான்களின் கதவைத் தட்டுவதாக நியூயார்க் டைம்ஸ் கேலிச்சித்திரம் போட்டது. எதிர்ப்பு கிளம்பவே மன்னிப்பும் கேட்டது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்ற நம்முடைய பழமொழியைத்தான் அவர்கள் படமாக வரைந்திருந்தார்கள். 2023இல் நிலாவில் இறங்கிய சந்திரயான்-3க்கு ஆன 615 கோடியை 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4 ரூபாய் 40 காசு. நாட்டுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது என்று பெருமைப்பட்டவர்கள், குடிசைக்கு மட்டும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பணத்தைவிடக் கடினமான ஒரு பத்தி பேரேட்டில் பாக்கி: நேரம். பள்ளங்களின் நிழல் விழ வேண்டுமானால் பௌர்ணமி ஆகாது. மாதத்தில் வளர்பிறைப் பஞ்சமி முதல் தசமிவரை சுமார் 6 மாலைகள்தான் நல்லவை. வடகிழக்குப் பருவமழையின் 3 மாதத்தைக் கழித்தால் ஆண்டுக்கு 54. மேகத்துக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு 27 என்று வைப்போம். பத்தாண்டு உழைக்கும் 4,250 ரூபாய்த் தொலைநோக்கிக்கு மாலை ஒன்றுக்கு 16 ரூபாய். ஒரு டீக் காசு. டாப்சோனியனுக்கு 189 ரூபாய். மாலையில் இன்னும் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவருக்கு அந்த 27 மாலையும் இல்லை. அவர் கணக்கில் 16 ரூபாய் பெரிய செலவு அல்ல, விட்டுவரும் இரண்டு மணி நேரம்தான் செலவு.

அதனால் ஆளுக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டு ஊருக்கு ஒன்று என்று போட்டுப் பார்க்கலாம். முன்மாதிரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல நிலாப் படம் எடுத்தவர்கள் லண்டன் அச்சுத்தொழில் குடும்பத்து வாரன் டி லா ரூ, நியூயார்க்கின் வசதியான வழக்கறிஞர் லூயிஸ் ரதர்ஃபர்ட் போன்றவர்கள்; சொந்தப் பணம், சொந்த ஆய்வகம். ஆனால் 1944இல் கலிபோர்னியாவில் வேதாந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்த ஜான் டாப்சனிடம் காசே கிடையாது. கழித்துப்போட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து 12 அங்குல ஆடி செய்தார். தொலைநோக்கியே கதியென்று கிடந்ததால் 1967இல் மடத்தை விட்டு அனுப்பப்பட்டார். மறு ஆண்டு நண்பர்களோடு சான்பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியல் சங்கம் தொடங்கினார். போவோர் வருவோரை நிறுத்தி நிலாவைக் காட்டினார், காசு வாங்கவில்லை, தன் டாப்சோனியன் வடிவமைப்புக்குக் காப்புரிமையும் எடுக்கவில்லை. 8 அங்குலக் கருவி இன்று 251 ரூபாய் விலைக்கு ஒரு மி.மீ. கொடுப்பதற்கு அதுவும் காரணம்.

தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு 8 அங்குல டாப்சோனியன், 51,000 வீதம்: 1 கோடியே 97 லட்சத்து 88 ஆயிரம் ரூபாய். 2011 மக்கள்தொகை 7.21 கோடிக்குப் பிரித்தால் ஆளுக்கு 27 காசு. போனைக் கண்ணாடியோடு பிடித்துவைக்கும் தாங்கி சில நூறு ரூபாய், கணக்கில் தெரியாது. தெரியப்போகும் செலவு ஒன்றுதான்: மாதம் ஆறு மாலை யாராவது ஓர் ஆசிரியர் அதைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், அதற்குப் படி கொடுக்க வேண்டும். மாலைக்கு 319 என்றே வைத்தால், மழை மாதம் போக 54 மாலைக்கு 17,226 ரூபாய். 388 ஒன்றியத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 66 லட்சத்து 84 ஆயிரம் வருகிறது. மூன்றே ஆண்டில் இது கருவிகளின் மொத்த விலையைத் தாண்டிவிடும். இந்த வரியை வெட்டிவிட்டுக் கருவியை மட்டும் வாங்கினால், பூட்டிய அறையில் 388 பெட்டிகள் இருக்கும்.