மருவின் வகையும் வைரசின் வகையும்

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழர் ‘மரு’ என்பதைத் தெலுங்கர் ‘புலிபிரி’ என்பர். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் உருவத்தைச் சுட்டுவன; அதனைத் தோற்றுவிக்கும் வைரசைச் சுட்டுவன அல்ல. மருத்துவ நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும்.

1922ஆம் ஆண்டில் லெவண்டோவ்ஸ்கி, லுட்ஸ் ஆகியோர் விவரித்த எபிடெர்மோடிஸ்பிளாசியா வெருசிஃபார்மிஸ் என்னும் அரிய தோல்நோய் இதற்குத் தக்க சான்றாகும். இந்நோயில் தட்டை மருக்களும் தேமல் போன்ற படைகளும் பரவுகின்றன. ஒரே நோயாளியிடம் மனிதப் பாப்பிலோமா வைரசின் பல வகைகள் காணப்படலாம். அவற்றுள் 5, 8 ஆகியன வெயில்படும் தோலில் தோன்றும் புற்றுநோயுடன் பெரிதும் தொடர்புடையன. 3, 10 ஆகியன பிறரிடமும் தட்டை மருக்களை உண்டாக்குவன.

இவ்வகைகள் மருவின் தோற்றத்தால் அன்றி, மரபணு வரிசையால் பிரிக்கப்படுகின்றன. எல்1 மரபணுவில், அறியப்பட்ட மிக நெருங்கிய வகையினின்று 10 விழுக்காட்டிற்கு மேல் வேறுபடுவது ‘வகை’; 2 முதல் 10 விழுக்காடு வேறுபடுவது ‘உள்வகை’; அதனினும் குறைவாயின் ‘மாற்றுரு’ எனலாம்.

எனவே ‘வைரசு வகை 5’ என்பதனை ‘ஐந்தாம் வகை மரு’ எனப் பெயர்த்தல் பிழையாகும். அப்பெயர்ப்பு, பார்வைக்கு ஒத்த மருக்களிடையே உள்ள புற்றுநோய் இடர் வேறுபாட்டை மறைத்துவிடும். ‘மரு’ உருவத்திற்கும் ‘வகை’ வைரசிற்கும் உரியனவாக நிற்றலே பொருத்தமுடையது.