ஊரே மேடை – 7: மான் கறியும் சீல் வைத்த கோயிலும்

கண்ணியில் ஒரு சிறு மான் விழுந்தது. பிடித்தவன் பெயர் சாண்டோம்பு. இடம், இன்றைய ஜாம்பியாவின் வடமேற்கில் இண்டெம்பு மக்கள் வாழும் ஒரு கிராமம். ஊர்த் தலைவர் காஹாலி அவனுக்குத் தாய்மாமன். வழக்கப்படி பின்னங்காலோ நெஞ்சுக்கறியோ அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சாண்டோம்பு அனுப்பியது முன்னங்காலில் ஒரு துண்டு. மாமன் அதை வாங்க மறுத்துவிட்டார். மருமகன் தன்னை மதிக்கவில்லை என்றார். பேச்சு தடித்தது, மிரட்டல் வரை போனது. கொஞ்ச காலத்தில் காஹாலி இறந்துபோனார். சாண்டோம்புதான் சூனியம் வைத்துக் கொன்றுவிட்டான் என்று ஊர் முணுமுணுத்தது. அவன் ஆசைப்பட்ட தலைமை வேறொருவருக்குப் போனது.

1950களின் தொடக்கத்தில் அந்த மக்களோடு தங்கி இதையெல்லாம் கேட்டு எழுதியவர் மானுடவியலாளர் விக்டர் டர்னர். கிளாஸ்கோவில் பிறந்தவர்; தாயார் மேடை நடிகை. 1957இல் வெளிவந்த ‘ஓர் ஆப்பிரிக்கச் சமூகத்தில் பிளவும் தொடர்ச்சியும்’ என்ற நூலில் இத்தகைய சண்டைகளுக்கு அவர் ‘சமூக நாடகம்’ என்று பெயர் வைத்தார். முதலில் ஒரு மீறல். அது ஊரை இரண்டாக்கும் நெருக்கடி. பிறகு பஞ்சாயத்து, குறி கேட்பது, சடங்கு என்று ஏதாவதொரு நிவர்த்தி முயற்சி. கடைசியில் ஒன்று கூடுவார்கள், அல்லது பிரிந்துபோவார்கள்.

இண்டெம்பு மக்களிடம் உரிமை தாய்வழியில் போகும். ஆனால் பெண் கல்யாணமானதும் கணவன் ஊருக்குப் போய்விடுவாள். ஆக, ஒருவனுக்கு உரிமை இருப்பது ஓர் ஊரில், அவன் வளர்வது வேறோர் ஊரில். சாதாரண நாட்களில் இந்த இழுபறி கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டுக் கறி அதை வெளியே இழுத்துப் போட்டது. சண்டையைக் கூர்ந்து பார்த்தால் ஊரின் அமைப்பு தெரியும் என்பதுதான் டர்னரின் கண்டுபிடிப்பு.

சென்ற வாரம் பார்த்த சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், ஷெட்லாந்து தீவு ஹோட்டலின் பணியாளர்களைக் கவனித்து, சமையலறையில் ஒரு முகம், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முகம் என்று எழுதியவர். அவருக்கு நாடகம் என்றால் தோற்றம்; டர்னருக்கு அது கதை. இந்த நான்கு கட்டங்கள் எதற்கும் பொருந்துகின்றன, அதனால் எல்லாச் சண்டையும் ஒரே மாதிரி தெரியத் தொடங்குகிறது என்று மானுடவியலாளர் கிளிஃபர்டு கீர்ட்ஸ் குறைபட்டார். நியாயமான குறைதான். ஆனால் மூன்றாவது கட்டத்தில் நின்று பார்க்கிறவருக்கு வித்தியாசங்கள் தெரியும். நிவர்த்தி செய்யும் உரிமை யாருக்கு? யார் பேசலாம், யார் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும்? என் அக்கறை அங்கேதான்.

அந்தக் கேள்விகளோடு நம் வட மாவட்டங்களின் திரௌபதி அம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் ‘பகடை துயில்’ கூத்து நடக்கும் இரவில், துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பதுண்டு. எதிரே நிற்பவரும் வேடம் கட்டிய ஆண்தான் என்பது அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கை நடுங்குகிறது.

பதினெட்டாம் போர் நாளில் படுகளம். கோயிலருகே தரையில் துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். களிமண்ணால் செய்து வண்ணம் பூசிய, பல ஆள் நீள உருவம். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் கிரீடமும் புஜக்கட்டையும் கழற்றாமல் அங்கே வந்து, அந்த உருவத்தைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். தொடை பிளக்கப்படும், அங்கே வைத்த சிவப்பு நீர் அம்மன் கூந்தலில் படும், விரித்த கூந்தல் முடியப்படும். பிறகு தீமிதி. உடைந்த உருவத்தின் மண்ணைப் பல ஊர்களில் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். இதை வெறும் நடிப்பு என்று ஒதுக்கினால் அந்த மண்ணுக்கு விளக்கம் கிடைக்காது.

பகடை துயிலில் திரௌபதி சபையைப் பார்த்து நியாயம் கேட்கிறாள். பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஊர் விழித்திருந்து பார்க்கும் காட்சி இது. அதே அம்மனின் கோயில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இருக்கிறது. 2023 ஏப்ரலில், திருவிழாவின்போது உள்ளே சென்ற பட்டியல் சமூகத்தவர் தடுக்கப்பட்டுத் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் முறிந்தன, ஜூனில் வருவாய்த்துறை கோயிலுக்கு சீல் வைத்தது. 2024 மார்ச்சில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி கதவு திறந்தது, பூசாரிக்கு மட்டும். 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடு பட்டியல் சமூகத்தவர் உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

மீறல், நெருக்கடி, நிவர்த்தி: டர்னர் வரைந்த வரிசை அப்படியே இருக்கிறது. ஆனால் மீறியது யார்? தடுத்தவர்கள் கணக்கில், வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, தடுத்தவர்கள். எந்த இடத்திலிருந்து கதையைத் தொடங்குகிறோம் என்பதிலேயே நாம் எந்தப் பக்கம் என்பது வந்துவிடுகிறது. சாண்டோம்பு கதையை டர்னர் கறியிலிருந்து தொடங்கியதும் அப்படி ஒரு தேர்வுதான். மேல்பாதிக் கதையை நான் 2023இலிருந்து தொடங்க மாட்டேன். அந்த வாசல் அவர்களுக்கு அடைக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்குவேன்.

(அடுத்த வாரம்: ரிச்சர்டு ஷெக்னர் பார்த்த ராம்நகர் ராம்லீலா)