இருபது முகப் பகடை!

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சீட்டுக் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்துக்காரர் கேரி கைகாக்ஸ், பழைய ஷூ தைத்தார். மிச்ச நேரத்தில் விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். டேவ் ஆர்னஸனோடு சேர்ந்து 1974-ல் கொண்டுவந்த அந்த ஆட்டம்தான் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. முதலில் போட்டது வெறும் 1,000 பெட்டி!

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருத்தர் கதை சொல்லி. “குகைக்குள்ள டிராகன் தூங்குது... என்ன பண்றே?” என்பார். நீங்கள் திருடனாகவோ மந்திரவாதியாகவோ இருப்பீர்கள். “பூனை மாதிரி நழுவிடறேன்” என்று சொன்னால் மட்டும் போதாது ஸார், 20 முகப் பகடையை உருட்டணும். எண் குறைஞ்சுதோ, டிராகன் முழிச்சுக்கும்! ஜெயிச்சாச்சு, எழுந்திருங்க என்கிற பேச்சே கிடையாது. வருஷக்கணக்கில் இழுக்கும் (நம்ம ஆபீஸ் ஃபைல் மாதிரி). ஆசையாய் வளர்த்த ஆள் செத்துப்போனால் குடும்பஸ்தர்களே கண் கலங்குவார்கள்.

பணம் கொட்டியதும் வழக்கமான கதைதான். ராயல்டி கேட்டு ஆர்னஸன் 1979-ல் கோர்ட்டுக்குப் போனார். 1985-ல் கைகாக்ஸின் கையைவிட்டே கம்பெனி போனது. 1997-ல் அதை வேறொரு கம்பெனி வாங்கியது.

மனுஷர் ஆட்டத்தை மட்டும் விடவில்லை. 2008 மார்ச்சில் இறந்தார். அந்த ஜனவரி வரை வாரா வாரம் பகடை உருண்டது.