கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்

பத்தாண்டு உழைத்த பிக்கப் வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்று பட்டறைக்குச் சென்றால், நமக்குக் கிடைக்கும் முதல் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் அந்த விடை சரியானதே. ஆனால் பழுது ஒரு ரப்பர் வளையத்திலோ, தேய்ந்த ஒரு புஷ்ஷிலோ, குறைந்துபோன திரவத்திலோ இருக்கையில் பெட்டியை இறக்குவது வீண் செலவு. எது எங்கே பழுது என்பதை, பெட்டியை இறக்கும் முன்பே பெருமளவு கண்டறிய முடியும். அதற்குச் சிறப்புக் கருவி வேண்டியதில்லை. அரை மணி நேரமும் சமதளமான இடமும் உதவிக்கு ஒருவரும் போதும்.

தில்லியின் ஆசாத்பூர் சந்தையிலும் நவி மும்பையின் வாஷி சந்தையிலும் விடியுமுன் வரிசையில் நிற்கும் சிறு சரக்கு வண்டிகளில் பல, கடனில் வாங்கப்பட்டவை, உரிமையாளரே ஓட்டுபவை. மாதத் தவணை 15,000 ரூபாய் என்று கொள்வோம். வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளொன்றுக்கு 500 ரூபாய் தவணைக் கணக்கில் சேர்கிறது. ஐந்து நாள் பட்டறையில் நின்றால், பழுதுச் செலவும் இழந்த வாடகையும் போக, வருவாயின்றிச் சேரும் தவணைப் பங்கு மட்டும் 2,500 ரூபாய். ஆகவே பழுதைச் சரியாகக் கண்டறிவது எஞ்சின் அறிந்தவரின் வேலை மட்டுமன்று. வரவு செலவு பார்ப்பவரின் வேலையும் ஆகும்.

மூன்று இடங்கள், ஒரே அறிகுறி

நம் நாட்டில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. அவற்றில் கியர் மாறுவதற்கு மூன்று உறுப்புத் தொகுதிகள் ஒத்துழைக்க வேண்டும். முதலாவது கிளட்ச். எஞ்சினின் ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே அழுந்தியிருக்கும் கிளட்ச் பிளேட், மிதிபலகையை அழுத்தியதும் விடுபட்டு, கியர் பாக்ஸை எஞ்சினின் சுழற்சியிலிருந்து பிரிக்கிறது. இரண்டாவது, கியர் தண்டிலிருந்து பெட்டி வரை செல்லும் கேபிள் அல்லது கம்பி இணைப்பு. மூன்றாவது, பெட்டியின் உட்பகுதி. அங்கே வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கோக்கும் சின்க்ரோனைசர் வளையங்கள் உள்ளன.

இம்மூன்றில் எது பழுதானாலும் ஓட்டுநர் சொல்வது ஒன்றே: "கியர் விழவில்லை." ஆனால் இவற்றைச் சீராக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. எனவே கண்டறியும் வேலை, செலவு குறைந்த இடத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும்.

முதலில் வண்டியை ஓட்டுபவரிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எல்லாக் கியரும் சிக்குகின்றனவா, ஒன்று மட்டுமா? காலைக் குளிரிலா, நெடுநேரம் ஓடிச் சூடேறிய பின்பா? கியரைக் கூட்டும்போதா, குறைக்கும்போதா? சுமை ஏற்றியபோது மட்டுமா? இந்த விடைகளே பாதி வழி காட்டும்.

எஞ்சினை நிறுத்தி ஒரு சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சின் ஓடாத நிலையில் கிளட்சை அழுத்தி, ஒவ்வொரு கியரையும் ரிவர்ஸ் உட்படப் போட்டுப் பார்க்கலாம். ஏதேனும் ஒரு கியர் விழாவிட்டால் உடனே முடிவுக்கு வர வேண்டாம். பற்கள் நேருக்கு நேர் முட்டி நிற்கக்கூடும். வண்டியைச் சற்றே தள்ளிவிட்டு மீண்டும் முயல வேண்டும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நகராத நிலையில், அதே கியர்களை மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றபோது எளிதாக விழுந்த கியர்கள், எஞ்சின் ஓடும்போது விழ மறுத்தால் ஐயம் கிளட்சின் மீதே. எஞ்சின் நின்றிருந்தும் கடினமாக இருந்தால், பழுது இணைப்பிலோ பெட்டியிலோ இருக்கலாம். இந்த ஒரு சோதனையே நம் தேடலை இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

கிளட்ச் முழுதும் விடுபடாதபோது

ஐயத்தை உறுதிப்படுத்த மற்றொரு வழி உண்டு. எஞ்சின் ஓட, நியூட்ரலில் கிளட்சை முழுதும் அழுத்தி, நான்கைந்து நொடி பொறுத்து, ரிவர்ஸ் போட வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்குச் சின்க்ரோனைசர் இல்லை. பொறுக்காமல் போட்டால் நல்ல வண்டியும் கரகரக்கும். பொறுத்த பின்னும் கரகரத்தால், கிளட்ச் விடுபடவில்லை என்றும் உள்ளே பிளேட் இன்னும் சுழல்கிறது என்றும் அறியலாம்.

அடுத்து, மிதிபலகையை இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்திவிட்டுக் கியர் போட வேண்டும். இப்போது எளிதாக விழுந்தால், திரவக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அல்லது சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். மிதிபலகைக்குப் பின்புறம் மாஸ்டர் சிலிண்டரில் கசிவு உண்டா என்றும், கியர் பாக்ஸின் முன்புறம் ஸ்லேவ் சிலிண்டரில் ஈரம் உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியும் வண்டிகளில், எஞ்சினை நிறுத்தி, உதவியாளர் மிதிபலகையை அழுத்தும்போது அதன் தள்ளுகம்பி நன்றாக நகர்கிறதா என்று காணலாம். கேபிள் உள்ள வண்டிகளில் கேபிளின் தளர்வைச் சரிசெய்வதே போதுமானதாக இருக்கக்கூடும்.

கிளட்சில் பயன்படும் திரவம் பிரேக் திரவமே. கையேட்டில் டாட் 3 அல்லது டாட் 4 என்று தரம் குறிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். சில வண்டிகளில் பிரேக்கும் கிளட்சும் ஒரே கலத்திலிருந்து திரவம் பெறுகின்றன. அங்கே அளவு குறைந்தால் பிரேக்கும் ஆபத்துக்கு உள்ளாகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடுபடாவிட்டால், பிளேட் வளைந்திருக்கலாம். ரிலீஸ் ஃபோர்க் தேய்ந்திருக்கலாம். அப்போது பெட்டியை இறக்கத்தான் வேண்டும். இறக்குவதற்கான காரணமும் நம் கையில் இருக்கிறது.

கிளட்ச் வழுக்கும்போது

இது மேற்சொன்னதற்கு நேர் எதிரானது. கியர் எளிதாக விழும். ஆனால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி வேகம் பிடிக்காது, கருகிய வாடை வீசும். இதைக் கியர் பாக்ஸின் குறை என்று பலர் கருதுகின்றனர். பிளேட் தேய்ந்திருப்பதோ, அதன்மீது எண்ணெய் படிந்திருப்பதோ காரணமாக இருக்கும். எண்ணெய் எஞ்சினின் பின்புற ஆயில் சீலிலிருந்தோ பெட்டியின் முன்புற சீலிலிருந்தோ வருகிறது. சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதிய பிளேட்டும் விரைவில் நனைந்துவிடும்.

ஒலி சொல்லும் செய்தி

நியூட்ரலில் எஞ்சின் ஓடுகையில் கேட்கும் இரைச்சல், கிளட்சை அழுத்தியதும் மறைந்தால், பெட்டியினுள் உள்ள பேரிங்கைக் கவனிக்க வேண்டும். மாறாக, கிளட்சை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மிதிபலகையின் மீது எப்போதும் காலை வைத்தே ஓட்டும் பழக்கம் இந்தப் பேரிங்கை விரைவில் அழிக்கிறது. மேட்டில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் கிளட்சைக் கொண்டே வண்டியைத் தாங்கி நிறுத்தும் பழக்கம் பிளேட்டை அழிக்கிறது.

இணைப்பு, மவுண்டிங், பெட்டி

கியர் தண்டு அளவுக்கு மீறி ஆடினாலோ, எந்தக் கியரில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போனாலோ, கேபிள் முனையிலும் தண்டின் அடியிலும் உள்ள புஷ்களைப் பார்க்க வேண்டும். சிறிய பொருள்தான், ஆனால் அது தேய்ந்தால் கியர் முழுதும் கோக்காது. ஓடும்போது கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால், முதலில் எஞ்சின், பெட்டி ஆகியவற்றின் ரப்பர் மவுண்டிங்குகள் கிழிந்துள்ளனவா என்று காண வேண்டும். அவை நன்றாக இருந்தும் ஒரே கியர் திரும்பத் திரும்ப நழுவினால் அந்தக் கியரின் பற்களோ அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

ஓடும்போது ஒரே ஒரு கியர் மட்டும், எடுத்துக்காட்டாக இரண்டாம் கியர் மட்டும், கரகரத்து மற்றவை ஒழுங்காக விழுந்தால், அந்தக் கியரின் சின்க்ரோனைசர் வளையம் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, மீண்டும் அழுத்திக் கியர் போடும் பழைய முறையைக் கையாண்டு பார்க்கலாம். அப்போது கரகரப்பு நீங்கினால் ஐயம் உறுதியாகிறது. இதற்குப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். ஆயினும் அன்றே திறக்க வேண்டும் என்பதில்லை. வேலை குறைந்த வாரமாகப் பார்த்துத் திட்டமிடலாம்.

திறப்பதற்கு முன் பெட்டியின் ஆயிலைச் சோதிப்பது கட்டாயம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அளவுத் துளையின் மூடியைக் கழற்றினால், துளையின் கீழ்விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும் என்பதே பொதுவான விதி. கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்க. ஆயிலில் மெல்லிய பித்தளைப் பொடி சிறிதளவு தென்படுவது தேய்மானத்தின் இயல்பு. இரும்புச் சில்லுகள் தென்பட்டால் பழுது முற்றிவிட்டது. பல வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரமும் பின்னச்சுக்கு ஜிஎல்-5 தரமும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஊற்றிவிடுவது சில பட்டறைகளின் வழக்கம். ஜிஎல்-5 ஆயிலில் உள்ள சில சேர்மங்கள் பித்தளை வளையங்களுக்கு ஒவ்வாதவை. தேவைக்கு மேல் தடித்த ஆயில், குளிர்ந்த காலையில் கியரை இறுகச் செய்யும். வண்டி சூடேறியதும் குறை தானே மறைந்தால் ஆயிலையே முதலில் ஐயுற வேண்டும்.

பட்டறையில் பேசும்போது

இச்சோதனைகளின் முடிவுகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் உரையாடலே மாறிவிடும். நல்ல மெக்கானிக் அதை வரவேற்பார். அவருடைய நேரமும் மிச்சமாகிறது. செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுவதும், கழற்றிய பழைய உதிரிகளைத் திரும்பக் கேட்பதும், ஜிஎஸ்டி ரசீதைப் பாதுகாப்பதும் உரிமையாளரின் உரிமை. கிளட்சுக்காகப் பெட்டியை இறக்க நேர்ந்தால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகிய மூன்றையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். இறக்கி ஏற்றும் கூலி மூன்றுக்கும் ஒன்றே. ஃபிளைவீலின் முகப்பையும் ஆயில் சீலையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

வாகனக் காப்பீடு இச்செலவை ஏற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான காப்பீடு விபத்துச் சேதத்துக்கே உரியது. தேய்மானமும் இயந்திரப் பழுதும் அதில் அடங்கா. மாதம் 1,000 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் சேர்த்தால் ஓராண்டில் வட்டி நீங்கலாகவே 12,000 ரூபாய் கையில் இருக்கும். தவணைப் பணத்தில் கை வைக்காமல் பழுது பார்க்க அது துணை நிற்கும். பதிவுச் சான்றில் குறிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றாதிருப்பதும் ஒரு சேமிப்பே. அதிகச் சுமை கிளட்சைத் தேய்ப்பதோடு, 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதத்தையும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயையும் வரவழைக்கும்.

பழைய வண்டியைக் கடனில் வாங்க எண்ணுவோரும், விலை பேசும் முன் இதே சோதனைகளைச் செய்து பார்ப்பது நன்று. தேய்ந்த கிளட்சை வாங்கும் முன் கண்டறிந்தால் அது விலைக் குறைப்புக்குக் காரணம். வாங்கிய பின் கண்டறிந்தால் அது நம் செலவு.

மூன்று நிலைகளில் மட்டும் சோதனைக்கும் காத்திராமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கிளட்ச் மிதிபலகை திடீரெனத் தரைவரை இறங்கிவிடுவது ஒன்று. பெட்டியினுள் உலோகம் உடைவது போன்ற ஒலி எழுவது மற்றொன்று. மலைப்பாதையின் இறக்கத்தில் கியர் நழுவுவது மூன்றாவது. சுமையேற்றிய வண்டி இறங்கும்போது அதன் வேகத்தை அடக்குவதில் கியருக்கும் பெரும் பங்குண்டு. அது நழுவினால் முழுப் பாரமும் பிரேக்கின் மீது விழும். மற்றப் பழுதுகளில் நாம் காப்பது பணத்தை. இங்கே காப்பது உயிரை.