வெயில் மணக்கும் துவாய்

கொக்குவில் வளவுகளில் கிணற்றடிக்குப் பக்கத்திலேயே கொடி கட்டியிருக்கும். தோய்த்த சட்டையைப் பிழிந்து, உதறி, உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடுவார்கள். புற ஊதாக் கதிர் சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கும். வெளுத்தால் உள்பக்கம் வெளுக்கட்டும் என்ற கணக்கு.

சோளகம் வீசும் மாதங்களில் உடுப்பு மளமளவென்று காயும். ஏன்? ஈரத்துணியை ஒட்டி நீராவி நிறைந்த மெல்லிய காற்றுப் படலம் நிற்கிறது. அது விலகாவிட்டால் ஆவியாதல் மந்தமாகும். காற்று அதை அள்ளிப்போகப் போக, அடுத்த ஈரம் கிளம்புகிறது. 1 லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிற் சக்தி வேண்டும். மின் உலர்த்தி என்றால் அதற்குப் பில் வரும்.

வெயிலில் காய்ந்த துவாயின் அந்த மணம்? கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈரத் துவாய்களை அறைக்குள்ளும் நிழலிலும் வெயிலிலும் காயவிட்டு, 2020இல் முடிவை வெளியிட்டனர். வெயிலில் காய்ந்தவற்றில் பென்டனல், ஒக்டனல், நொனனல் போன்ற சேர்மங்கள் உருவாகியிருந்தன. பென்டனல் ஏலக்காயிலும் உண்டு!

துவாய் அப்பளமாய் விறைப்பது வேறு கதை. பருத்தி இழைகளுக்கிடையே எஞ்சும் துளி நீர் பசைபோல் அவற்றை ஒட்டிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரோ கல்சியம் மிகுந்தது. சவர்க்காரத்தோடு சேர்ந்து அதுவும் துணியில் படியும். நாலு உதறு உதறினால் இளகும்.

கார்த்திகை மழைக்குக் கொடி விறாந்தைக்குள் வந்துவிடும். அப்போது எழும் புழுங்கல் நாற்றம், மெல்லக் காயும் துணியில் பெருகும் பக்டீரியாவின் வேலை.