வச்சிரமும் வெல்லப்பாகும் மெய்ப்பும்

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் சீவித் தள்ளும் சவ்வும் ஓரத் துண்டுகளும் வச்சிரம் காய்ச்ச உதவும். தச்சர்கள் பலகை ஒட்டிய அந்த வச்சிரம்தான் ஒரு காலத்தில் செய்தித்தாளுக்கு மை பூசியது.

அதற்கும் முன்னால் தோலே நேரடியாக அந்த வேலையைச் செய்தது. குட்டன்பர்க் காலத்திலிருந்து ஏறக்குறைய 350 ஆண்டுகள், உள்ளே கம்பளியோ குதிரை மயிரோ அடைத்த தோல் பந்துகளால்தான் ஈய எழுத்தின் மேல் மை ஒற்றினார்கள். தோல் விறைக்காமலிருக்க இரவில் மூத்திரத்தில் ஊறப்போடுவது வழக்கம். (தோல் ஷாப்புக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்கப் போவதில்லை.) 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வச்சிரத்தையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்த உருளை வந்து, பந்தை ஒழித்தது. கோடை வெயிலில் இளகிவிடும் என்பது அதன் குறை.

கம்போசிட்டர் கோத்த எழுத்து, கேலி என்ற நீளத் தட்டில் ஏறும். கையுருளையால் மை ஓட்டி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால் கேலி புரூஃப், அதாவது மெய்ப்பு. பிழை திருத்துபவர் ஒருவர், எழுத்தை மாற்றுபவர் இன்னொருவர். மாற்றுபவருக்குச் செய்தியைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. தாளின் ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே போவார். அதனால்தான் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வரிக்குள் இடம் காட்ட ஒரு குறி, ஓரத்தில் என்ன செய்வதென்று சொல்ல இன்னொரு குறி. நீக்கச் சொல்லும் சுழி, லத்தீன் சொல்லொன்றின் முதலெழுத்தான 'டி' உருமாறியது. அடித்ததை அப்படியே விடச் சொல்லும் 'ஸ்டெட்', விட்டதைச் சேர்க்கச் சொல்லும் கூரைக்குறி இரண்டுக்கும் பெயர் லத்தீன்தான். தமிழ் அச்சகங்களும் இவற்றையே எடுத்துக்கொண்டன. பெரிய எழுத்து, சின்ன எழுத்துக்கான குறிகளுக்கு மட்டும் தமிழில் வேலையில்லை. கூரைக்குறிக்கோ ஓயாத வேலை: விட்டுப்போன க், ச், த், ப் எல்லாம் அதன் பொறுப்பு.

வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பலர் பேசும் உருதுவின் கதை வேறு. சரிந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்து ஈயத்துக்கு எளிதில் அடங்கவில்லை. காதிப் எனப்படும் எழுத்தர் கையால் எழுத, அதைக் கல்லச்சில் ஏற்றினார்கள். சென்னை திருவல்லிக்கேணியில் 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய 'தி முசல்மான்' நாளிதழ், கல்லச்சுக் காலம் போன பிறகும் பல பத்தாண்டுகள் கையெழுத்திலேயே வந்தது. எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகடாக்கி அச்சிட்டார்கள். ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம்போல ஆகும். பெரிய பிழை என்றால் ஓரக்குறியால் பயனில்லை, பக்கத்தையே மறுபடி எழுதவேண்டியதுதான். ஆகவே பிந்தி வரும் செய்திக்கென்று முதல் பக்கத்தில் ஒரு மூலையை எழுதாமல் விட்டுவைத்தார்கள்.